கணினியில் ஆகாயம் செய்கிறவர்

ஆகாயத்தை அண்ணாந்து பார்க்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஆகாயத்தைச் செய்கிறவரைப் பார்த்ததுண்டா? கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாருங்கள், காட்டுகிறேன். வெளியே வயலும் தென்னையும் வெயிலில் காய, மாடியறை ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு, மேல்சட்டையில்லாமல் கணினி முன்னால் உட்கார்ந்து பிரபஞ்சம் பண்ணுகிறாரே, அவர்தான். பெயர் சிவப்பிரகாஷ். ஆராய்ச்சி மாணவர், வேலை வீட்டிலிருந்தே.

அண்டமெங்கும் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் வாயு மெல்லிய ரேடியோ அலையில் முனகிக்கொண்டே இருக்கிறதாம். அதைப் பிடித்து வரைபடம் போட்டால், விண்மீன் மண்டலங்கள் எங்கே கூட்டம் கூடியிருக்கின்றன, எங்கே வெறிச்சோடிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் குறுக்கே நம் பால்வீதி போடும் இரைச்சல் அதைவிட ஆயிரமாயிரம் மடங்கு. ஆகவே இவர் கணினிக்குள் ஒரு பொய் வானம் செய்வார். அதன் தலையில் பொய் இரைச்சலைக் கொட்டுவார். பிறகு அந்த இரைச்சலை வடிகட்டிவிட்டு, தான் வைத்த ஹைட்ரஜன் வைத்த இடத்திலேயே இருப்பதைக் கண்டு துள்ளிக் குதிப்பார். தானே ஒளித்து, தானே கண்டுபிடித்து! சிரிக்காதீர்கள். நிஜ வானத்தில் கை வைக்கும் முன் இந்த ஒத்திகை அவசியம்தானாம். இருக்கட்டும்.

வடிகட்டும் சூத்திரத்தைக் கேளுங்கள்: எது ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக வருகிறதோ, அது இரைச்சல். தள்ளு! இந்தப் பாடத்தை மாடியோடு விட்டுவிட்டு இறங்கி வந்தால் என்னவாம்? அதுதான் இந்த ஆராய்ச்சிக்கார இனத்துக்கு முடியாது.

போன வாரம் அவருடைய அம்மா பழனாத்தாள் கால் சுளுக்கிக் கீழே கட்டிலில் கிடந்தாள். வயலில் நெல் பால் பிடிக்கிற சமயம். வாய்க்கால் தண்ணீர் முறை பத்து நாளைக்கு ஒருதரம்தான். அதுவும் இரண்டு மணி நேரம். தவறினால் அத்தனையும் பதர்.

“பிரகாசு, மடையத் தொறக்கோணும், போ சாமி!”

“செரிம்மா.”

“எட்டு மணிக்குத் தண்ணி வந்துரும்டா!”

“செரிம்மா.”

இந்த ‘செரிம்மா’வுக்குக் காது தேவையில்லை, வாய் போதும். சாப்பிட வா, எண்ணெய் தேய், பொண்ணு பார்க்கலாமா என்று முப்பது வருஷமாக ஒரே சுதியில் வரும் குரலல்லவா? வடிகட்டியாயிற்று.

பத்தரை மணிக்குப் பக்கத்து வயல் குப்பண்ணன் மூச்சு வாங்க வந்தார். “ஏந் தம்பி, உங்க மொறைத் தண்ணியெல்லாம் வீணாப் பள்ளத்துக்குப் போயிருச்சல்லோ! நான் பாக்கறதுக்குள்ள மொறையே முடிஞ்சுபோச்சு. ஊட்டுல ஆளில்லியா?”

சிவப்பிரகாஷ் தலையைச் சொறிந்தார். “அம்மா தெனமும் ஏதாச்சும் சொல்லீட்டேதானுங்ணா இருப்பாங்க. அதுல இதும் ஒண்ணுன்னு...”

பழனாத்தாள் திட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் துளி இரைச்சல் இல்லை. மாடியில் அவருக்கு வேலையும் ஓடவில்லை.

பாவம், படித்த முட்டாள் என்கிறீர்களா? சொல்லுங்கள், சொல்லுங்கள். நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு குரல் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டது. மூன்று தடவையும் நீங்கள் ‘சரி’ என்றீர்கள். என்ன சொன்னார்கள் என்று தெரியுமா?

எழுந்து போய்ப் பாருங்கள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது.