மாமியார் வண்டிக்கு மூச்சு வாங்கியது

அது காகிதம் என்று பல் டாக்டருக்கு உறைத்தபோது, பாதி ஊறிப்போயிருந்தது.

கிளினிக்கின் பின்னறையில், கருவிகள் கழுவும் தொட்டியில், மாமியாருடைய காரின் ஏர் ஃபில்டர் மிதந்துகொண்டிருந்தது. கொஞ்சம் சோப்புத்தூளும் போட்டிருந்தார். தண்ணீர் கறுத்ததைப் பார்த்து முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தூக்கிப் பார்த்தால், மடிப்பு மடிப்பாக விறைத்து நிற்க வேண்டிய தாள், மழையில் நனைந்த செய்தித்தாள் மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"டாக்டர், என்ன அது?" வாசலில் நர்ஸ் நின்றிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. நீ போய் பேஷண்ட்டைப் பாரு."

"ஊசி போட்டுட்டு வந்துட்டீங்களே, அவருக்குப் பாதி முகம் மரத்துப்போச்சாம். எப்ப வருவீங்கன்னு கேக்கறார்."

"இன்னும் கொஞ்சம் மரத்துப்போகட்டும்."

டாக்டரின் கைகளைக் குறை சொல்ல முடியாது. வாய்க்குள் இருக்கும்வரை அவை தங்கமான கைகள். வெளியே வந்தால்தான் வம்பு. மூடி என்று ஒன்று இருந்தால் அதைத் திறந்து பார்க்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. மாமியார் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அவர் கை பட்டதிலிருந்து பின்பக்கமாக ஓடுகிறது. மிக்ஸியைச் சரிசெய்து கொடுத்தார். இப்போது அது சுவிட்சைப் போடாமலே ஓடுகிறது. "இனிமே எங்கம்மா வீட்டுச் சாமானைத் தொட்டீங்கன்னா, நான் அங்க தலைகாட்ட முடியாது," என்று மனைவி கண்கலங்கிச் சொன்ன அன்று, தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அதிலும் இது சாதாரணச் சாமான் இல்லை. மாமியார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. ஓய்வுக்கு அப்புறம் தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, தானே தேடி வாங்கிய கார். மாமனாருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் உரிமை மட்டும்தான். ரேடியோவைக்கூட அவர் அனுமதி கேட்டுத்தான் தொடுவார்.

முந்தின நாள் காலை அந்த மாமனார்தான் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்து கிளினிக் வாசலில் நிறுத்தினார்.

"அவளும் நானும் வெளியூர் போறோம் மாப்பிள்ளை. அவ பெட்டி அடுக்கறா, அதான் இன்னிக்கு ஒரு நாள் சாவி என் கைக்கு வந்துச்சு. எங்க குடியிருப்புல வண்டி நிறுத்தற இடத்துக்குத் தரை போடறாங்க. வர்ற வரைக்கும் இங்க நிக்கட்டும்."

"அதுக்கென்ன மாமா, தாராளமா."

மாமனார் சாவியை நீட்டினார், ஆனால் விடவில்லை. "வரும்போது கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. ஏர் ஃபில்டரா இருக்கும். நீங்க எதையும் தொட வேணாம்."

"சேச்சே, நான் எதுக்கு மாமா..."

"முன்பக்க மூடியைத் தூக்கினா வலது கைப் பக்கம் ஒரு கறுப்புப் பெட்டி. ரெண்டே கிளிப். சும்மா அழுத்தினாலே திறந்துக்கும். அதுக்குத்தான் சொல்றேன், தொட வேணாம்."

டாக்டர் அன்று முழுக்கத் தொடவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய விரதம். மறுநாள் மதியம் பேஷண்ட்டுக்கு ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகும் நேரத்தில் சும்மா நிற்பானேன் என்று வாசலுக்கு வந்தார். பெட்டி சொன்ன மாதிரியே சும்மா திறந்துகொண்டது.

உள்ளே தூசி இருக்க வேண்டிய இடத்தில் சேறு மாதிரி ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. தட்டினார், உதிரவில்லை. பல்லுக்குக் காற்றடிக்கும் குழாயால் அடித்தார், அசையவில்லை. அடம்பிடிக்கும் கறை என்றால் டாக்டருக்கு அது மானப் பிரச்சினை. கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டார்.

இப்போது சொட்டச் சொட்ட அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வெயில்ல வைங்க டாக்டர். நாளைக்குள்ள காஞ்சிடும்," என்றாள் நர்ஸ்.

நல்ல யோசனைதான். அப்போது பார்த்து மனைவி ஃபோன் செய்தாள்.

"அம்மா போன வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சாம். இன்னிக்குச் சாயங்காலமே நேரா உங்க கிளினிக்குக்கு வந்து வண்டியை எடுத்துக்கறாங்களாம். நீங்க ஒண்ணும் பண்ணலயே?"

"நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?" என்றார். ஃபில்டரிலிருந்து ஒரு சொட்டு அவர் செருப்பில் விழுந்தது. பொய் சொன்ன வாய் கசந்தது.

உதிரிபாகக் கடைக்கு ஃபோன் செய்தார். அந்த வண்டிக்கான ஃபில்டர் நாளைக்குத்தான் வரும் என்றார்கள்.

வேறு வழி தெரியவில்லை. கருவிகளைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த இடுக்கிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஃபில்டரை வைத்துச் சூட்டைக் கூட்டினார். பிறகு நல்ல பிள்ளையாகப் போய் பேஷண்ட்டின் வாயில் குனிந்தார்.

கொஞ்ச நேரத்தில் பேஷண்ட் மூக்கைச் சுளித்தார். "ழாக்டர், ஏழோ கழுகுது."

"உங்க பல்லு இல்ல, பயப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் ஓடினார்.

காகிதம் காய்ந்திருந்தது. சுற்றியிருந்த ரப்பர் விளிம்பு உருகிச் சுருண்டு, சதுரமாகப் போனது முக்கோணமாக வெளியே வந்தது. நிமிர்த்தப் போனார். நடுவில் நீளமாகக் கிழிந்தது.

"விட்டுடுங்க டாக்டர். அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் நர்ஸ் இரக்கத்தோடு.

"உனக்கு எங்க அத்தையைத் தெரியாது. அந்த மெழுகை எடு."

பல்செட் செய்வதற்கு அச்சு பிடிக்கும் மெழுகு அது, ஈறு நிறத்தில் இருக்கும். உருக்கிக் கிழிசலை அடைத்தார். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் விட்டது, அங்கேயும் அடைத்தார். விளிம்பு இல்லாத இடத்தில் மெழுகாலேயே விளிம்பு கட்டினார். முடித்துப் பார்த்தபோது, பற்கள் வைக்காத பல்செட் மாதிரி ரோஜா நிறத்தில் பளபளத்தது. வேலையில் குற்றம் சொல்ல முடியாது. காற்று போகத்தான் அதில் இடமில்லை.

காரின் கறுப்புப் பெட்டியில் வைத்து மூடும்போது ஒரு கிளிப் முறிந்தது. பல்லுக்குக் கட்டும் கம்பியால் இறுக்கிக் கட்டினார். ஓடுகிறதா என்று பார்க்க ஒரே ஒரு சுற்று போய்வரலாம் என்று கிளப்பினார். தெருமுனைவரை போயிற்று. திரும்பும்போது இருமியது, கறுப்பாகப் புகைவிட்டது, தெருவுக்குக் குறுக்கே நின்று உயிரை விட்டது.

நர்ஸ் ஓடிவந்து தள்ளினாள். கழுத்தில் துண்டோடு பேஷண்ட்டும் வந்து தோள்கொடுத்தார்.

"எழ்ழ பல்லு எப்ப ழாக்டர்?" என்றார் தள்ளிக்கொண்டே.

"தள்ளுங்க, இதோ போயிடலாம்."

பின்னால் ஒரு டாக்ஸி விடாமல் ஹார்ன் அடித்தது. கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வழிவிட முடியாமல் டாக்டர் திரும்பிக் கும்பிட்டார். டாக்ஸியின் பின்கதவுக் கண்ணாடி இறங்கியது. உள்ளே மாமியார், பக்கத்தில் மாமனார்.

மாமியார் இறங்கினார். யாரையும் எதுவும் கேட்காமல் வண்டியின் முன்பக்க மூடியைத் தூக்கினார். கம்பிக் கட்டை அவிழ்த்தார். உள்ளிருந்ததை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன மாப்பிள்ளை?"

"ஃபில்டர் அத்தை."

"இந்த ரோஸ் கலர்?"

"ஈறு மெழுகு."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மாமியார் சத்தம் போட்டிருந்தால்கூட டாக்டர் தாங்கியிருப்பார். மாமியாரோ மகளுக்கு ஃபோன் போட்டு, "உன் வீட்டுக்காரர் பேசணுமாம்," என்று நீட்டினார்.

டாக்டர் வாங்கிக் காதில் வைத்தார். "நான்தான்," என்றார். பிறகு, "தொட்டுட்டேன்," என்றார்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் ஃபோனை வைத்துவிட்டாள். நடுத்தெருவில் நிற்கிற அவமானம் அப்போது அவருக்கு மறந்தேபோயிற்று. அந்த உறிஞ்சல்தான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

"உங்க மாமா தொட வேணாம்னு சொன்னாரா, இல்லையா?" என்றார் மாமியார்.

"சொன்னார் அத்தை. திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் கை வச்சேன், கெடுத்தேன், கேட்டப்ப பொய்யும் சொன்னேன்."

மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ழாக்டர் நழ்ழவழ்ங்க," என்றார் பேஷண்ட், யாரும் கேட்காமலே.

"நல்லவர்தான்," என்றார் மாமியார். "இனிமே எங்க வீட்டுக்கு வந்தா கையைக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்லுங்க." மெக்கானிக்குக்கு ஃபோன் செய்தபடி டாக்ஸிப் பக்கம் நடந்தார்.

டாக்டர் நிமிரவில்லை. கண் கரித்தது. மாமனார் மெதுவாக அருகில் வந்து தோளில் கை வைத்தார். மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மனசுல வச்சுக்காதீங்க மாப்பிள்ளை. போன வாரம் அவ கடைக்குப் போயிருந்தப்ப அந்த ஃபில்டரை பக்கெட்ல ஊறப்போட்டுக் கெடுத்தது நான்தான். யார் வாசல்ல விட்டா சும்மா இருக்க மாட்டாங்கன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன், உங்க முகம்தான் வந்துச்சு."