மூணு தட்டு அண்ணாத்தே

உலகத்தில் செல்போனைத் துளிகூட நம்பாமல் செல்போனாலேயே பிழைப்பு நடத்திய ஒரே மனிதர், எங்கள் ‘மூணு தட்டு’ அண்ணாத்தேதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. லீவு, சம்பளச் சீட்டு, சுற்றறிக்கை எல்லாம் ஊழியர்களின் போனுக்கே வந்து சேரும்படி ஒரு ஆப் செய்து விற்றோம். நாங்களும் அதையே பயன்படுத்தினோம். அதற்கு ப்ரோகிராம் எழுதுவது நான். எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரும் அண்ணாத்தே. ஐம்பது வயது; பை நிறைய கண்ணாடி உடைந்த பழைய போன்கள்.

நோட்டிஃபிகேஷனைத் தட்டினால் அதற்குரிய பக்கம் திறக்க வேண்டும், அவ்வளவுதானே என்பீர்கள். அண்ணாத்தே மூன்று தரம் தட்டுவார். ஆப் கண்ணெதிரே திறந்திருக்கும்போது ஒன்று, பின்னால் ஒதுங்கியிருக்கும்போது ஒன்று, அடியோடு மூடிய பிறகு ஒன்று. மூன்றாவதில்தான் நான் மாட்டுவேன். மூடிக் கிடந்த ஆப், தன்னை எழுப்பியது எந்தச் செய்தி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி நான் எழுதியிருக்க வேண்டும். மறந்தால், பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு, பலூன் பறக்க ‘இனிய நாள்’ என்று வாழ்த்தும் முகப்புப் பக்கத்தைக் காட்டும்.

“செத்துப் போன ஆப்ப எழுப்புனா, எதுக்கு எழுப்புனோம்னு அதுக்குத் தெரியணும் நைனா” என்பார், சிலுவை போட்டுக்கொண்டே.

போன்கள் போதாமல் எதிர்க்கடை டீ மாஸ்டர் போனிலும் ஆப்பை ஏற்றினார். ஒருநாள் சோதனைக்காக ‘உங்கள் விடுப்பு அனுமதிக்கப்பட்டது’ என்று அனுப்ப, மாஸ்டர் பாய்லரை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நான்கு நாள் எஸ்டேட்டே டீ இல்லாமல் தவித்தது. அண்ணாத்தே மட்டும், “தட்டுனதும் கரெக்டா தொறந்துச்சுல்ல?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்த வாரம் வந்தது. ஆறு பேரை வேலையை விட்டு அனுப்பப் போகிறோம், கடிதம் ஆப்பிலேயே போகும், அதற்கொரு புதுப் பக்கம் செய் என்றார் மேனேஜர். “அண்ணாத்தேவுக்குக் காட்டாத. லிஸ்ட்ல அவர் பேரும் இருக்கு.” ஆனாலும் செய்தேன். என் வேலையும் போய்விடுமோ என்ற பயம்தான், வேறென்ன. அவர் தட்டிப் பார்க்காமல் வெளியே போன என் முதல் வேலை அது.

மறுநாள் மதியம் கடிதங்கள் போயின. ஐந்து பேர் படித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அண்ணாத்தே சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

“இன்னா நைனா, கோட்டை உட்டுட்டியே! ஏதோ லெட்டர் வந்துகீதேன்னு தட்றேன், பலூன் பறக்க ‘இனிய நாள்’னு கீது!”

மற்ற ஐவர் போனிலும் ஆப் திறந்தோ ஒதுங்கியோ இருந்தது; அவர் போனில் எப்போதும் அடியோடு மூடித்தான் இருக்கும். அவசரத்தில் நான் அந்த மூன்றாவது தட்டைத்தான் மறந்திருந்தேன்.

“நாளைக்குப் பாத்துக்கலாம் அண்ணாத்தே.”

“ஒருத்தனுக்கு முக்கியமான சேதி வந்து தொறக்கமாட்டேங்குது, நாளைக்குன்றியே! குந்து, சரி பண்ணு.”

பண்ணினேன். நான்கே வரி; திருத்திய ஆப்பை அவர் போனில் ஏற்றினேன். திரும்ப அனுப்பச் சொன்னார். அவருடைய வேலைநீக்கக் கடிதத்தை என் கையாலேயே அனுப்பினேன்.

ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் தட்டு தட்டினார். கடிதம் திறந்தது. நின்றபடியே முழுசாகப் படித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“இன்னும் ரெண்டு கீது. அனுப்பு.”

“வேணாம் அண்ணாத்தே.”

“அனுப்புபா. அரகொறயா உட்டுட்டுப் போனா, அடுத்த ஆளுக்கும் பலூன்தான் பறக்கும்.”

இன்னும் இரண்டு முறை அனுப்பினேன். இரண்டு முறையும் சரியாகத் திறந்தது. பிழைப் பட்டியலில் ‘சரியாகிவிட்டது’ என்று எழுதி முடித்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டு தட்டி, “வர்ட்டா” என்று படியிறங்கினார்.

எந்த வேலையையும் இரண்டு நாள் இழுத்தடிப்பவன் என்று ஆபீசில் எனக்குப் பெயர். அன்றைக்கு மட்டும் ஏன் பத்தே நிமிஷத்தில் முடித்துத் தொலைத்தேன் என்று இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். வழக்கம்போல இழுத்தடித்திருந்தால், அந்த மனுஷன் இன்னும் இரண்டு நாள் எங்களோடு இருந்திருப்பார்.