பாதி வாழைப்பழமும் ஏழு சட்டையும்

இனிமே ஜென்மத்துக்கும் இந்தப் படியில கால வைக்கறதில்லன்னு ஜெகநாதன் சபதம் எடுத்தாரு. எங்க ஒக்காந்துகினு எடுத்தாரு தெரியுமா? திருத்தணி மலையில, நாப்பத்தோராவது படியில, நாக்கு தள்ளிப்போயி. மொத்தம் முன்னூத்தி அறுவத்தஞ்சு படி. மிச்சத்த அவரு எண்ணல. தலைய தூக்கிப் பாத்ததுக்கே மூச்சு வாங்கிச்சு.

தப்பு யார் மேல? அவரக் கேட்டா பொண்டாட்டி பிரேமா மேலன்னுவாரு. நல்லாக்கீதே நியாயம்! பஸ் ஸ்டாண்டு பக்கம் லுங்கிக் கடை வச்சிகினு, ஒக்காந்த எடத்த விட்டு அசையாம, நாளைக்கு எட்டு டீ, ஒவ்வொண்ணுலயும் மூணு ஸ்பூன் சக்கரன்னு குடிச்சது யாரு? பிரேமாவா? ரத்தத்துல சுகர் முன்னூறுன்னு ரிப்போர்ட் வந்துது. "தெனம் மலைப்படி ஏறுங்க"ன்னு டாக்டர் சொன்னாரு. "ஆங்"னு தலையாட்டிட்டு வந்தாரு ஜெகநாதன். பிரேமா தலையாட்டல. சட்டம் போட்டா.

"காலைல ஆறரைக்குள்ள மலை மேலேர்ந்து ஒரு செல்ஃபி எனக்கு வரணும் பாவா. வந்தா இட்லி, சட்னி. வரலன்னா கேழ்வரகு கஞ்சி."

அத்தை மவனையே கட்டிக்கினதால அவளுக்கு அவரு சின்ன வயசுலேர்ந்தே பாவாதான்.

"கட்டுன புருசன் மேல நம்பிக்க இல்லியாடி?"

"நம்பிக்க கீது. போட்டோவும் வோணும்."

ஒரே ஒரு நாள் ஏறிப் பாத்தாரு. அன்னிக்குதான் அந்த நாப்பத்தோராவது படி சபதம். ஆனா நம்ம ஆளு மூளக்காரரு. மலைக்கு ரோடு கீது, பஸ் போவுது. ஞாயித்துக்கெழம காலைல கடைக்கு சரக்கு வருதுன்னு புளுகிட்டு, மஞ்சப்பையில ஏழு சட்டைய திணிச்சிகினு பஸ் ஏறுனாரு. மேல, கடைசிப் படிகிட்ட நின்னுகினு சட்ட மாத்துனாரு, படம் புடிச்சாரு. மாத்துனாரு, புடிச்சாரு. ஒரு படத்துல விபூதிப் பட்ட, ஒரு படத்துல சந்தனம், ஒண்ணுல வெறும் நெத்தி. வேர்வைக்கு பாட்டில் தண்ணி. பத்தே நிமிசத்துல ஒரு வாரத்து பக்தி முடிஞ்சிது.

திங்கக்கெழமைலேர்ந்து அந்தந்த நாளு சட்டைய மாட்டிகினு விடிகாலைல கெளம்புவாரு. நேரா சேட்டு டீக்கடை. ரெண்டு போண்டா, சக்கர தூக்கலா ஒரு டீ. ஆறு இருவத்தஞ்சுக்கு போன எடுத்து போட்டோவ தட்டி வுடுவாரு.

"இன்னாண்ணா, மலை ஏறலியா?"ன்னு சேட்டு கேட்டான்.

"ஏழு நாளைக்கும் சேத்து ஏறிட்டேம்பா."

பிரேமா சும்மா இருந்தாளா? வந்த போட்டோவ அன்னன்னிக்கே குரூப்ல போட்டா. பொதட்டூர்பேட்டைல கீற அவ அப்பா வூட்டு வாட்ஸப் குரூப்பு. முப்பத்தி நாலு பேரு. கை தட்டற பொம்மையும் மயிலும் வேலும் வந்து குமிஞ்சுது. டைப் அடிக்கத் தெரியாத மாமனாரு வாய்ஸ் மெசேஜ்லயே "சபாஷ் மாப்ள!"ன்னாரு. இருவது வருசமா 'என் மாப்ள எந்திரிச்சு தண்ணி கூட குடிக்க மாட்டாரு'ன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்ச மனுசன். ஜெகநாதனுக்கு நெஞ்சு ரெண்டு இஞ்சு ஏறிச்சு. தொப்ப மட்டும் எறங்கல.

சனிக்கெழம இட்லி வச்சிகினே பிரேமா கேட்டா.

"பாவா, மேல கொரங்கு ஜாஸ்தியா?"

"ஐயோ, கேக்காத. தொல்ல தாங்கல."

"ஒண்ணு உங்கிட்ட ரொம்ப பழகிச்சு போல."

போன நீட்டி, படத்த ரெண்டு வெரலால இழுத்து பெருசாக்குனா. அவரு தோளுக்குப் பின்னால, செவுத்து மேல ஒரு கொரங்கு. கையில பாதி வாழப்பழம்.

"திங்கக்கெழம செவப்பு சட்ட. கொரங்கு கையில பாதிப் பழம். செவ்வாக்கெழம பச்ச சட்ட. அதே கொரங்கு, அதே பாதி. இன்னியோட ஆறு நாளாச்சு, ஒரு வாழப்பழத்த தின்னு முடிக்கல. அதுக்கும் சுகரா பாவா?"

பாவம், அது இன்னா பண்ணும்? ஒரு ஆளு ஏழு வாட்டி சட்டைய கழட்டி மாட்டறத பாத்துகினே திங்க மறந்துபோச்சு.

"அது... விரதம்."

"கொரங்கா?"

"முருகன் மலைக் கொரங்குடி. பக்தி இருக்காதா?"

"இருக்கும். உனக்கில்லாததெல்லாம் அதுக்கு கீது."

ஜெகநாதன் குரல் எறங்கிடுச்சு. "குரூப்ல சொல்லிடாத பிரேமா. உங்க நைனா இப்பதான் என்ன ஒரு மனுசனா மதிக்கிறாரு."

"சே, நான் வாயே தெறக்க மாட்டேன். உன் பேர்ல ஒரு வேண்டுதல் மட்டும் வச்சிட்டேன்."

"இன்னா வேண்டுதல்?"

"நாளன்னிக்கு கிருத்திக. நீ படி பூஜ பண்ற. ஒவ்வொரு படிக்கும் குனிஞ்சு மஞ்சள், குங்குமம், சூடம். குரூப்ல வீடியோ கால். மொதப் படிலேர்ந்து பாக்கறேன்னு நைனா சொல்லிட்டாரு."

"முன்னூத்தி அறுவத்தஞ்சு வாட்டி குனியணுமா?"

"தெனம் ஏறுறவருக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?"

"முடியாதுன்னா?"

"கொரங்க சுத்தி ஒரு வட்டம் போட்டு குரூப்ல வுடறேன்."

கிருத்திக அன்னிக்கு குனிஞ்சாரு. அம்பதாவது படியில இடுப்பு கேள்வி கேட்டுது. நூறாவது படியில முட்டி அழுதுது. எரநூறாவது படியில முருகனக் கூப்புட்டாரு, நெஜமாவே. ஒரு கையில குங்குமத் தட்டு, ஒரு கையில போனுன்னு பின்னாலயே வந்த பிரேமா, "நைனா பாக்கறாரு, சிரி பாவா"ன்னா. சிரிச்சாரு. அழுத மாதிரிதான் இருந்துது.

கடைசிப் படியில சூடத்த ஏத்திட்டு நிமுந்தாரு பாருங்க! காலு நடுங்குது, சட்ட தொப்பலா நனைஞ்சு கீது, ஆனா மூஞ்சில ஒரு ராஜ களை. பிரேமா கைலேர்ந்த போன புடுங்குனாரு. கால கட் பண்ணாரு. அவரே செல்ஃபி எடுத்தாரு.

"பாத்துக்கோடி, இது அசல் வேர்வ!"ன்னு பிரேமாகிட்ட சொல்லிகினே அவரே குரூப்ல போட்டாரு.

அஞ்சு செகண்டு ஆவல. மாமனார் வாய்ஸ் வந்துது. அக்கம் பக்கத்துல கீறவங்களுக்கும் கேக்கட்டும்னு சத்தமா வச்சாரு ஜெகநாதன்.

"சபாஷ் மாப்ள! எங்க, இன்னிக்கு கொரங்கு லீவா?"