ஜப்பான்காரர் குடித்த ஆப்பிள் ஜூஸ்

யாராவது மெதுவாக நடந்தாலே அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறுகிற ரகம் நான். மகள் நித்யா தூக்கத்தில் அசையாமல் கிடந்தால் தட்டி எழுப்பிப் பார்த்துவிடுவேன். (பாவம், அது இரண்டு வயது வரை முழுசாகத் தூங்கியதே இல்லை.)

தொண்ணூறுகளில் அமெரிக்காவில், நியூஜெர்சி பக்கம் பிஸ்கட்டவே என்ற ஊரில் இருந்தோம். கணவருடைய மேனேஜரின் மனைவி, பல்கலைக்கழக அரங்கில் ஒரு ஜப்பானிய நடனத்துக்கு ஏற்பாடு செய்து எங்களையும் அழைத்திருந்தார். எங்கள் கிரீன் கார்டு மனு அந்த மேனேஜரின் கையெழுத்துக்குக் காத்திருந்த நேரம்.

"சும்மா உக்காந்திரு. எதுவும் பண்ணாத, போதும்" என்றார் கணவர்.

முன்வரிசை. பேபிசிட்டரை நம்பாததால் மடியில் மூன்று வயது நித்யா. விளக்கத் தாளில் பாதியை அவள் மென்றுவிட்டாள்.

மேடையில், உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி அப்பிய முதியவர் ஒருவர். ஓரத்திலிருந்து நடுவுக்கு வர அரை மணி நேரம். முதுகு வளைந்தது, விரல்கள் நடுங்கின, வாய் கோணியது. பிறகு மெல்ல மெல்லத் தரையில் சரிந்தார். ஒருவரும் அசையவில்லை.

"ஏங்க, அவருக்கு லோ சுகர்!"

"அது டான்ஸ்டி. உக்காரு."

"எங்க சித்தப்பா இப்படித்தாங்க விழுந்தாரு!"

நித்யாவைக் கணவரிடம் தள்ளிவிட்டு, அவளுடைய மூக்கு வைத்த ஜூஸ் டம்ளரோடு மேடை ஏறினேன். முதியவரின் தலையைத் தாங்கி, "ட்ரிங்க் சார், ப்ளீஸ்" என்றேன்.

கண்ணைத் திறந்தார். அதில் நோய் இல்லை, சிரிப்பு இருந்தது. ஓடிவிடலாம் என்றால், டம்ளரை என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஒரு வாய் ஜூஸுக்கு ஐந்து நிமிடம். கிரீன் கார்டு அதைவிட மெதுவாக என் கண்முன் பறந்து போனது.

விளக்கு அணைந்தது. ஒரே கைதட்டல்.

"நீயும் இதில் உண்டு என்று சொல்லவே இல்லையே! முதுமை குழந்தையாகத் திரும்பும் அந்த இடத்தில் அழுதுவிட்டேன்" என்று மேனேஜரின் மனைவி என்னைக் கட்டிக்கொண்டார். பொய்யே சொல்லாத என் கணவர், "ஷீ இஸ் வெரி ஷை" என்றார். அடுத்த வாரமே கையெழுத்து வந்தது.

முதியவர் காலி டம்ளரைக் குனிந்து வணங்கித் தந்தார். "நாற்பது வருஷமாக விழுகிறேன். எழுந்து வந்தது நீங்கள் ஒருவர்தான்" என்றாராம்; கூட வந்தவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

நித்யா மெல்லாமல் விட்ட பாதி விளக்கத் தாளை வீட்டில் படித்தேன். வயதாவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்க்க வைக்கத்தான் இத்தனை மெதுவாம்.

இப்போது தரையிலிருந்து எழ எனக்கே நேரமாகிறது. முட்டியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிற்கும்போது, சமையலறையிலிருந்து நித்யாவின் குரல் வரும்:

"அம்மா, டான்ஸ் ஆர் சுகர்?"

பதில் சொல்ல நான் அவசரப்படுவதில்லை.