கசப்புக்கு ஒரு பூ, வாசத்துக்கு ஒரு பூ

இனி ஒயின் ஷாப் வாசலை மிதிப்பதில்லை என்று ஆனைமலை மாசாணியம்மன் சன்னிதியில் என் மனைவி கயல்விழிக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். கொடுத்த சத்தியத்தை மீறுகிறவன் இல்லை நான். கடைக்குத்தானே போகக்கூடாது? வீட்டிலேயே பீர் காய்ச்சிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

பெங்களூர் பீர் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் நண்பன் ஜெரோம், லீவில் வந்தபோது காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் வைத்து இரண்டு பொட்டலம் கொடுத்தான். இரண்டிலும் பீரில் போடுகிற காய்ந்த ஹாப்ஸ் பூ.

"இது கசப்புக்கு. கொதி வந்ததுமே போட்டு ஒரு மணி நேரம் வேகவெச்சுரு. அது வாசத்துக்கு. எறக்கறப்பத்தான் போடோணும். முன்னாலயே போட்டா வாசமெல்லாம் ஆவியாப் போயிரும். மாத்திப் போட்டுறாத."

மொட்டை மாடியில் பார்லியை முளைகட்டிக் காயவைத்தேன். பொட்டலங்களைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்தேன். சாயங்காலமே அவை கயல்விழி கையில் இருந்தன.

"ஏனுங்க, இதென்ன பூவுங்க?"

"வாயுத் தொல்லைக்கு மருந்து அம்மணி. நாட்டு மருந்துக் கடையில குடுத்தாங்க."

"மாடியில இருக்கற பார்லி?"

"அதுவும் மருந்துதான்."

"பொய்யா இருந்தா மாசாணியாத்தாளுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போடுவேன். ஏமாத்துனவங்களை ஆத்தா சும்மா உடமாட்டா, தெரியுமுங்களா?"

"உங்கிட்டப் போயிப் பொய் சொல்லுவனா?"

"சரிங்க" என்று போய்விட்டாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை காபிக்குப் பதில் ஒரு டம்ளர் கஷாயம் வந்தது. ஒரு வாய் குடித்தேன். வேப்பிலையே தேவலாம்.

"முழுசாக் குடிச்சுப்போடுங்க. ஒரு மணி நேரம் வேகவெச்சனுங்க. அப்பத்தான் கசப்பு நல்லா எறங்குமாமா."

டம்ளரைக் கீழே வைத்தேன். "இன்னொரு பொட்டலம் எங்க?"

"உங்க தலகாணிக்குள்ள வெச்சுத் தெச்சுப்போட்டனுங்க. அதைக் கொதிக்கவெச்சா வாசம் போயிருமுன்னு ஜெரோமண்ணன் ஊட்டு அக்கா சொன்னாங்க."

எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒப்புக்கொண்டால் ஆனைமலையில் மிளகாய். ஒப்புக்கொள்ளாவிட்டால் இங்கே கஷாயம். மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயத்தைக் குடித்தேன்.

"நாட்டு மருந்துன்னாப் பத்தியம் இருக்கோணுமுங்க. ஒரு மண்டலத்துக்குக் காபி, கறி, மீனு ஒண்ணும் ஆகாது. ஞாயித்துக்கெழமையும்தான்."

"அப்ப நான் என்னத்தத் திங்கறது?"

"அதுக்குத்தான் நீங்களே பார்லி மொளகட்டி வெச்சிருக்கறீங்களே. கஞ்சி காச்சித் தாரனுங்க."

பீருக்கென்று சேர்த்த எதுவுமே வீண்போகவில்லை. பீர்தான் இல்லை.