ஞாயிறு தூக்கத்துக்கு ஒரு டிக்கெட்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கியே தீருவது என்று போன மாதம் சபதம் எடுத்தேன். பல் தேய்த்துக்கொண்டே கண்ணாடி முன்னால் நின்று எடுத்த சபதம். வாயில் நுரை இருந்ததால் வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

என் உத்தியோகம் அப்படி. புரோகிராமர்களுக்கு வேண்டிய டூல்களைச் செய்கிற கம்பெனியில் எனக்கு விளம்பரப் பிரிவு. விளம்பரம் என்றாலே எரிந்து விழுகிற ஒரே ஜீவன் புரோகிராமர்தான். 'புரட்சிகரமான டூல்' என்று எழுதினால் சிரிப்பார். 'இலவசம்' என்று எழுதினால் சந்தேகப்படுவார். பதிவுப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாக இருந்தால் போதும், ஆள் அம்பேல்! அந்தக் கட்டத்தைத் தூக்குங்கள் என்று வாரம் முழுக்கத் தொண்டை வறளக் கத்துகிறவன் நான். ஞாயிறாவது தூங்க வேண்டாமா?

விட்டால்தானே! தலையணையில் தலை பட்டதும் "என்னங்க" என்று ஒரு குரல் வரும். குழாய் சொட்டும். பெட்டி பரணிலிருந்து இறங்கும், அடுத்த வாரம் அதே பெட்டி பரணுக்கு ஏறும்.

அப்போதுதான் மூளையில் பல்பு எரிந்தது. ஒரு கட்டத்துக்கே புரோகிராமர் ஓடுகிறார் என்றால், ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டால் என் மனைவி எவ்வளவு தூரம் ஓடுவாள்? உட்கார்ந்தேன். ஒரு டூல் செய்தேன். அவள் போனில் ஏற்றினேன்.

"இதப் பாரும்மா. இனிமே வீட்டு வேலைய வாயால சொல்ல வேண்டாம். இதுல ஒரு டிக்கெட் போடு."

"எந்த ஊருக்குங்க?"

"ஊருக்கு இல்ல, வேலைக்கு. என்ன வேலை, ஏன் வேணும், எவ்வளவு அவசரம், செய்யலேன்னா என்ன ஆகும், போட்டோ. எல்லாம் நிரப்பி அனுப்பு."

"எல்லாக் கட்டமுமா?"

"ஒண்ண விட்டாலும் போகாது."

"இவ்வளவு கட்டம் இருக்கே, ஏதும் கோளாறா?"

"கோளாறு இல்ல. இப்படித்தான் வேலை செய்யணும்."

இது எங்கள் கம்பெனியின் பிரம்மாஸ்திரம். யார் என்ன புகார் கொடுத்தாலும் எங்கள் ஆட்கள் இந்த ஒரு வரியை எழுதி டிக்கெட்டை மூடிவிடுவார்கள். அதற்கு மேல் அப்பீலே கிடையாது. அவளும் தலையாட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். என் மனைவிக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் படிவம் சரிபார்க்கிற மேசை. படிவத்தைக் கண்டு ஓட அவள் என்ன புரோகிராமரா?

ஞாயிறு மதியம் படுத்தேன். டிங்! டிங்! டிங்! குழாய், பரண், கொசுவலை. 'காரணம்' கட்டத்தில் அ, ஆ, இ என்று உட்பிரிவு வேறு. 'செய்யாவிட்டால் என்ன ஆகும்?' என்ற கட்டத்தில், 'செய்யாமல் இருந்து பாருங்கள், தெரியும்.'

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம்மா?" என்றேன், ஒரு நப்பாசையில்.

"ஐயோ, சூப்பரா இருக்குங்க! வாயால சொன்னா 'நீ சொல்லவே இல்லையே'ன்னு மழுப்புவீங்க. இதுல தேதியோட பதிவாயிடுதே! காரணம் எழுதற கட்டம்தான் சின்னது, பெருசாக்கிக் கொடுங்க. அப்புறம் டிக்கெட்ட மூடுற அதிகாரம் எனக்கு வேணும். நீங்க வேலையே செய்யாம மூடிடுவீங்க."

கொடுத்தேன். வாடிக்கையாளர் கேட்டு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்திருந்தேன். எந்த டூலாக இருந்தாலும் மூலையில் 'நண்பரையும் அழையுங்கள்' என்று ஒரு பொத்தான் வைப்பது எங்கள் தொழில் தர்மம். பழக்க தோஷத்தில் இதிலும் வைத்திருந்தேன். அவள் அமுக்கினாள்.

அடுத்த டிங் என் மாமியாரிடமிருந்து. கையோடு போனும் வந்தது.

"மாப்பிள்ளை! நேர்ல வேலை சொல்லக் கூச்சமா இருக்கும். இதுல கூச்சமே இல்ல. எங்க வீட்டு ஃபேன் கரகரங்குது. போட்டோல சத்தம் வரமாட்டேங்குதே, வீடியோ போட ஒரு வழி பண்ணுங்க."

"பண்றேன் அத்தை."

அதற்கடுத்த டிங் கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா. அலமாரியை நகர்த்த வேண்டுமாம். 'செய்யாவிட்டால் என்ன ஆகும்?' 'உங்கள் கடைவாய்ப் பல் சிகிச்சை பாதியில் நிற்கிறது.'

நகர்த்தினேன்.

அடுத்த ஞாயிறு முந்திக்கொண்டேன். சாப்பிட்ட கையோடு டூலை நிறுத்திவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

"டூல் படுத்துடுச்சும்மா. இனிமே எழாது போல."

"அடடா!" என்று போனை எடுத்தாள். "அம்மா, அந்த டூல் படுத்துடுச்சாம். ஆமாம்மா, நேர்ல வந்தே சொல்லிடு. துணியெல்லாம் எடுத்துக்க, ஒரு மாசம் இருந்துட்டுப் போகலாம்."

அவள் போனை வைப்பதற்குள் டூல் எழுந்து நின்றது.

டிங்!

அழுகை வந்துவிட்டது எனக்கு. கடைசியில் மானத்தை விட்டு நானே ஒரு டிக்கெட் போட்டேன். என்ன வேலை? தூக்கம். ஏன் வேண்டும்? மனிதன் என்பதால். எவ்வளவு அவசரம்? உயிர் போகிற அவசரம். சிவந்த கண்ணைப் போட்டோ எடுத்துச் சேர்த்தேன். ஒரு கட்டம் விடவில்லை.

சோபாவில் காலை நீட்டியிருந்தவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆபீசில் படிப்பதைப் போலவே ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். கண் சிவந்த போட்டோவைப் பெரிதாக்கிக்கூடப் பார்த்தாள். முகம் இளகியது. எனக்கு நம்பிக்கை பிறந்தது. தலையணையைத் தட்டிப் போட்டேன்.

டிங்!

'டிக்கெட் மூடப்பட்டது. கோளாறு இல்லை. இப்படித்தான் வேலை செய்யணும்.'