மைனஸ் ஒரு கிலோ பாப்பா

குளியலறைக் கதவுக்கு வெளியே மாமியார் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"எவ்வளவும்மா?"

"இருங்க அத்தை, முள்ளு ஆடுது."

முள் ஆடவில்லை. ஆணி அடித்த மாதிரி எண்பத்தொன்றில் நின்றது. அவள் மூச்சை வெளியே விட்டுப் பார்த்தாள். வயிற்றை எக்கிப் பார்த்தாள். ஒற்றைக் காலில் நின்றும் பார்த்தாள். எண்பத்தொன்று.

எக்கினால் வயிறு இடம் மாறுமே தவிர வீட்டை விட்டுப் போகாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பன்னிரண்டு வருஷமாக லிஃப்ட் பழுது பார்ப்பவள். வீட்டிலும் வெளியிலும் அவளுக்கு மெக்கானிக் என்றே பெயர். எட்டுப் பேர் ஏறும் லிஃப்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டால் ஒன்பதாவது ஆள் ஏறலாமா என்று கேட்ட ஒரு துணிக்கடைக்காரருக்கு, ஏன் கூடாது என்று அரை மணி நேரம் படம் போட்டு விளக்கியவள். அப்படிப்பட்டவளே எக்கினாள்.

மூன்று மாதத்துக்கு முன் பாப்பா பிறந்த அன்று மெக்கானிக் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். கர்ப்பத்தில் ஏறியது இருபத்தொரு கிலோ. அதில் குழந்தை மூன்று, கூட வந்த தண்ணீர் முதலான சாமான்கள் ஒரு மூன்று. ஆறும் சொன்னபடி இறங்கிவிட்டன. மிச்சம் பதினைந்து. அது யாருடையது என்று இன்றுவரை யாரும் வந்து கேட்கவில்லை. வயிறு, காற்று பாதி இறங்கின பந்து மாதிரி முன்னால் தொங்கியது. போன வாரம் பேருந்தில் ஒரு பெண் எழுந்து நின்று, "எத்தனாவது மாசங்க?" என்று கேட்டு இடம் கொடுத்தாள். "ஆறு" என்று சொல்லி மெக்கானிக் உட்கார்ந்துகொண்டாள். கிடைத்த இடத்தை விடுவானேன்.

பேருந்தில் யார் என்ன நினைத்தாலும் கவலையில்லை. கவலையெல்லாம் ஃப்ரிட்ஜைப் பற்றித்தான்.

இரண்டு நாளைக்கு முன் கிளினிக்கில் ஒரே கூட்டம். நர்ஸ் அவசரமாக ஒரு தாளைக் கையில் திணித்தார். "பத்து நாள், தினமும் காலைல எடை பாருங்க. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஒரு தடவை, நீங்க மட்டும் ஒரு தடவை. எழுதிட்டு வாங்க." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

தாளில் மூன்று கட்டம். அம்மாவும் குழந்தையும்; அம்மா மட்டும்; வித்தியாசம். துள்ளுகிற குழந்தையைத் தராசில் நிறுத்த முடியாத வீடுகளில் இதுதான் வழி. சேர்த்து நிறு, தனியாக நிறு, கழி. மிஞ்சுவது குழந்தை.

பாப்பா எடை குறைவு போலிருக்கிறது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். நூலகத்தில் வேலை பார்க்கும் கணவன் நான்கு புத்தகம் எடுத்து வந்தான், ஒரு எடை மெஷினும் வாங்கி வந்தான். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் பதிவேடு எழுதி ஓய்வு பெற்ற மாமியார், எழுத்து வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். மைப்பேனாவில்தான் எழுதுவார். எழுதியதை அடிக்க மாட்டார். தாளை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நாத்தனார் வருவாள். செருப்பைக் கழற்றியதும் நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறப்பாள். பிள்ளை பெற்ற இருபதாம் நாள் பழைய ஜீன்ஸை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்து, அதற்குச் சட்டமும் போட்டு, அம்மா வீட்டு ஹாலிலேயே தொங்கவிட்டுப் போன நாத்தனார் அவள். அவள் கண்ணில் எண்பத்தொன்று படக் கூடாது. மெக்கானிக்குக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டாம்.

"என்னம்மா, தூங்கிட்டியா?"

"எழுபத்து நாலு அத்தை."

கர்ப்பத்துக்கு முன்பிருந்த அறுபத்தாறு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பொய்யானாலும் அளவோடு இருக்க வேண்டும். மாமியார் நடுக் கட்டத்தில் எழுதினார்.

அடுத்து பாப்பாவோடு ஏறியபோதுதான் சிக்கல் தெரிந்தது. நெஞ்சில் பாப்பா, அதற்குக் கீழே வயிறு. இரண்டையும் தாண்டி எட்டிப் பார்த்தால் தரை தெரிந்தது, முள் தெரியவில்லை.

"நீ நிமிந்து நில்லு, நான் பாக்கறேன்" என்று மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "எண்பத்தேழு."

எழுதினார். கழித்தார். மறுபடியும் கழித்தார்.

"ஏண்டா, இங்க வா. பாப்பா பதிமூணு கிலோ."

கணவன் பல் துலக்கும் பிரஷோடு ஓடி வந்தான். "டயப்பர் மாத்தினியா?" என்று மெக்கானிக்கைக் கேட்டான்.

"ஏழு கிலோ டயப்பராங்க?"

"காலைல இருந்து மாத்தலைன்னா?"

அன்று மத்தியானம் மெக்கானிக் எடை மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பழைய மாடல். மேல் தட்டுக்குக் கீழே நான்கு நெம்புகோல்கள். அவை ஒரு சுருள்வில்லை இழுக்கும். வில் இழுபடுகிற அளவுக்கு முள் திரும்பும். ஓரத்தில் விரல் நுனி அளவுக்குப் பல் வைத்த ஒரு சின்னச் சக்கரம். ஆள் ஏறாதபோது முள் சைபரில் நிற்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் திருப்பிச் சரி செய்ய வைத்தது.

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சக்கரத்தைத் திருப்பி முள்ளைச் சைபருக்கு ஏழு கிலோ கீழே நிறுத்திவிட்டால், சேர்த்து நிறுத்தாலும் ஏழு குறையும், தனியாக நிறுத்தாலும் ஏழு குறையும். வித்தியாசத்துக்கு ஒன்றும் ஆகாது. பாப்பாவின் எடை சுத்தமான உண்மை. அம்மாவின் எடை மட்டும் கொஞ்சம் நாகரிகம். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் இதைவிட எங்கே கிடைக்கும்? திருப்பினாள்.

மறுநாள் காலை பாப்பாவோடு ஏறினாள். மாமியார் குனிந்து படித்தார். "எண்பது." எழுதினார். பாப்பா அழுதது. பசியாற்றித் தொட்டிலில் போட்டுவிட்டு வர இருபது நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்து தனியாக ஏறினாள்.

"எண்பத்தொண்ணு" என்றார் மாமியார்.

பதற்றத்தில் மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு காலாவது தரையில் பாவியிருந்தால் எடை குறைந்திருக்கும்.

மாமியார் நிதானமாகக் கழித்தார். "மைனஸ் ஒண்ணு."

"என்னது?"

"பாப்பா மைனஸ் ஒரு கிலோ. அவளைத் தூக்கிக்கிட்டா நீ லேசாயிடறே."

கணவன் சவரம் பண்ணிய கன்னத்தோடு எட்டிப் பார்த்தான். "இப்ப சரியா இருக்கணுமே. சும்மா இருக்கும்போதே முள்ளு சைபர்ல நிக்கலை. நான்தான் இப்ப உள்ள வந்தப்ப திருப்பி வச்சேன்."

நூலகத்துக்காரன். எந்தப் பொருள் தன் இடத்தை விட்டு நகர்ந்திருந்தாலும் அவனுக்குப் பொறுக்காது. மெக்கானிக் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சமாளித்தாள்.

"அத்தை, நேத்து எழுபத்து நாலு. ஒரே ராத்திரில எண்பத்தொண்ணு ஆகுமா? மெஷின் போச்சு."

"அதானே, ஆகாதுல்ல" என்றார் மாமியார். மகனும் தலையாட்டினான். தாளில் அதுவரை எழுதியவற்றில் உண்மையான ஒரே அம்மா எடையை, பிழை என்று மூன்று பேரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் அது மையில் எழுதிய பிழை. அப்படியே இருந்தது.

"நாளைக்கு நான் தூக்கிக்கிட்டு நிக்கறேன்" என்றான் கணவன். "எனக்கென்ன, அறுபத்தெட்டு. கல்யாணத்தப்ப பார்த்தது."

அன்று சாயங்காலம் அவன் சும்மா ஒருமுறை ஏறிப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. வெகு நேரம் சத்தமே இல்லை. வெளியே வந்தவன், "மெஷின் போச்சுதான்" என்று மனப்பூர்வமாகச் சொன்னான்.

பால் ஊற வேண்டும் என்று மூன்று மாதமாக மாமியார் வேளைக்கு இரண்டு பேர் சாப்பாடு சமைத்தார். மெக்கானிக் பாதி சாப்பிட்டுவிட்டுப் பாப்பாவைத் தூக்கப் போய்விடுவாள். வீணாகக் கூடாதே என்று மீதியை ஒருவன் முடித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் அவன் பாப்பாவோடு ஏறினான். "எழுபத்து நாலு." கம்பீரமாக இறங்கினான். பாப்பாவை மனைவியிடம் கொடுத்தான். அதற்குள் மாமியார், "பேனா உள்ள விழுந்துடுச்சு, இரு" என்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். ஒரு பேனாவை எடுக்க நான்கு நிமிஷம் ஆனது. வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது. கொஞ்சம் தீர்மானமாகவும் இருந்தது.

கணவன் தனியாக ஏறினான். "ஐம்பத்தொன்பது."

"பாத்தியா, அலைச்சல்" என்றான் மனைவியிடம், திருப்தியாக.

மாமியார் எழுதினார். பாப்பா பதினைந்து கிலோ.

எல்லோரும் போன பிறகு மெக்கானிக் உள்ளே போய் ஆளில்லாத மெஷினைப் பார்த்தாள். முள் சைபருக்கு இருபது கிலோ கீழே கிடந்தது. அவள் திருப்பிய ஏழு கிலோவை நேற்றே கணவன் சைபராக்கிவிட்டான். அப்படியானால் இந்த இருபது யாருடையது? முள்ளைச் சைபருக்குக் கொண்டுவந்து கணவனை ஏறச் சொல்லியிருந்தால் எழுபத்தொன்பது காட்டியிருக்கும். அறுபத்தெட்டு போகப் பதினொன்று. மீதி ஒன்பது? பேனா தேடிய அத்தை. லிஃப்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் மூன்று மாடிக்குப் பொத்தான் அழுத்தினால்கூட அது ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்துவிடும். இந்த மெஷினுக்கு அந்த வசதி இல்லை.

வெளியே வந்து கணவனைப் பிடித்தாள். "பெத்தது நான். வயிறு உங்களுக்கா?"

"யார் சொன்னா?" என்றான் அவன். சொல்லும்போதே எக்கினான்.

"சரி, விடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தத் தாளைக் கிழிச்சுட்டு வேற வாங்கிக்கலாம்."

"கிழிச்சு என்ன? தினமும் போட்டோ எடுத்து நர்ஸுக்கு அனுப்பிட்டேனே."

சொல்லி வாயை மூடவில்லை, போன் அடித்தது. நர்ஸ். "என்னங்க இது, பதிமூணு, மைனஸ் ஒண்ணு, பதினஞ்சு? வீட்டுலயே இருங்க, நான் வரேன்."

மாமியார் பயந்துபோனார். "ஆஸ்பத்திரில சேர்க்கச் சொல்லுவாங்களோ? ஊசி கீசின்னு குத்துவாங்களோ? தாய்ப்பாலை நிறுத்திட்டு டப்பாப் பால் கொடுன்னுவாங்களோ?"

மெக்கானிக் பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா அவளைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. இந்தப் பக்கம் ஏழு கிலோ பொய். அந்தப் பக்கம் இந்தப் பிஞ்சுக் கையில் ஒரு ஊசி. எதிர் எடை சரியாக இல்லாத லிஃப்ட் எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நர்ஸ் வந்தார். குண்டான ஆள். மாடி ஏறி வந்த மூச்சு அடங்கவே சிறிது நேரமாயிற்று. உட்காருவதற்குள் மெக்கானிக் ஆரம்பித்துவிட்டாள்.

"சிஸ்டர், பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல. என் எடை எழுபத்து நாலு இல்ல, எண்பத்தொண்ணு. பொய் சொன்னேன். சக்கரத்தையும் திருப்பினேன். இந்த வயித்தை யாருக்கும் காட்டப் பிடிக்கலை, எனக்கே காட்டப் பிடிக்கலை, அதான்."

கணவன் தொண்டையைச் செருமினான். "எனக்கு எழுபத்தொன்பது" என்று சுவரிடம் சொன்னான்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார் மாமியார். "நான் வெறும் எழுத்து வேலைதான் பார்த்தேன்." பிறகு பேச்சை மாற்றினார். "சிஸ்டர், இவங்க யாரையும் நம்ப வேணாம். நீங்களே பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஒரு தடவை ஏறிப் பாத்துடுங்களேன்."

நர்ஸ் எடை மெஷினைப் பார்த்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார். "நான் ஷூ போட்டிருக்கேன்."

"கழட்டிடுங்களேன்."

"கழட்டினா மாட்றது கஷ்டம்."

பையிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்தார். மேலே ஒரு வளையம், நடுவில் வில், கீழே கொக்கி. கொக்கியில் ஒரு துணித் தொட்டில். ஆள் ஏற வேண்டாம், கழிக்க வேண்டாம், திருப்பச் சக்கரமும் இல்லை. மெக்கானிக் அந்த நிலையிலும் அதை ஆசையாகப் பார்த்தாள். பாப்பாவைத் தொட்டிலில் படுக்க வைத்து நர்ஸ் மெல்லத் தூக்கினார். பாப்பா அந்தரத்தில் காலை ஆட்டியது. முள் கொஞ்சம் தள்ளாடிவிட்டு நின்றது.

"ஆறு கிலோ. கணக்கா இருக்கா. போன தடவை கிளினிக்ல போட்டுப் பார்த்தப்பவும் நல்லாத்தான் இருந்தா."

பாப்பாவை மெக்கானிக்கின் கையில் கொடுத்துவிட்டு நர்ஸ் ஃப்ரிட்ஜுக்குப் போனார். தாளை எடுத்தார். பதிமூன்றையும் பதினைந்தையும் பார்க்கவேயில்லை. மாமியாரின் மைப்பேனாவைக் கேட்டு வாங்கி, நடுக் கட்டத்தில் இருந்த எண்பத்தொன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "பாப்பா நல்லா இருக்கான்னு முன்னாடியே தெரியும்னா, எதுக்கும்மா இவ்வளவு எழுத்து வேலை?"

"பாப்பா எடையை யாரும்மா கேட்டாங்க?" என்றார் நர்ஸ். "எங்களுக்கு வேண்டியது பெத்தவங்களோட எடை. நேராக் கேட்டா இதுவரைக்கும் ஒருத்தரும் உண்மை சொன்னதில்ல, அதான் கையில பிள்ளையைக் கொடுத்து ஏறச் சொல்றோம்."